சித்திக்காக ஒரு படகு

படகில் ஏறினால் குமட்டல் வருகிறவர்களை நம் காலத்தில் யாரும் நோயாளிகளாக எண்ணியதில்லை. மன உறுதி போதாதவர்கள் என்றே எண்ணினோம். என் வயதை ஒத்த நீங்கள் இதை மறுக்க மாட்டீர்கள். பேருந்தின் ஜன்னலோரத்தில் ஈரத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார். அவரைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெண்மணி என் சித்தி. சிரித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த தை மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். கொள்ளிடத்துக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனமுள்ள ஓர் ஊரில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வெளியூரில் உத்தியோகம். வீட்டின் தலைவர் பெரியப்பா. அவருக்கு மனைவி இல்லை. தம்பிகளின் குடும்பங்களே அவர் குடும்பம். சமையலும் பூசையும் என் அம்மாவின் பொறுப்பில் இருந்தன. சித்தப்பா வயலைப் பார்த்துக்கொண்டார். சித்தி அந்த வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொள்ளிடம் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், ஆற்றின் நடுவே மணல் மேடிட்டு உயர்ந்த ஒரு திட்டு உண்டு. அதன் மேல் ஒரே விமானம் கொண்ட சிறிய சிவன் கோயில். எங்கள் குலதெய்வம் அவர்தான். எங்கள் வீட்டுக்கு வாழ வரும் மருமகள், அந்தச் சந்நிதியின் முன்னே சம்பா அறுவடையின் புது அரிசியில், தன் கையால் பொங்கல் வைக்க வேண்டும். அப்படி வைத்த பிறகே அவள் வீட்டுச் சாமியறைக்குள் வந்து படையலைத் தொடலாம். இது எங்கள் குடும்பத்தின் கட்டு. யார் விதித்தது என்று யாரும் கேட்டதில்லை.

சித்தி அந்தப் பொங்கலை வைத்திருக்கவில்லை. திருமணமான ஆண்டிலேயே அழைத்துப் போனார்கள். கரையில் கட்டியிருந்த படகில் கால் வைத்து, அது இப்படியும் அப்படியும் ஆடியதுமே அவருக்குக் குமட்டி, மயங்கிச் சரிந்துவிட்டார். அடுத்த ஆண்டு பிள்ளைப்பேறு. அதற்கடுத்த ஆண்டுகளில் பயணம் தள்ளித் தள்ளிப் போயிற்று. கல்யாணத்தன்று ஊஞ்சலில் உட்கார வைத்தபோதே முகம் வெளுத்தவர் அவர். மாட்டு வண்டியின் பின்புறம் உட்கார்ந்தால் இரண்டு மைல் தாங்க மாட்டார். “வண்டிக்காரர் பக்கத்துல முன்னாடி உக்காந்தா எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா” என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். “அப்படியே தார்க்குச்சியையும் வாங்கி மாட்டை நீயே ஓட்டு” என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அதில் ஓர் உண்மை இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

படையல் நாள்களில் அம்மா சாமியறைக்குள் இருப்பார். சித்தி நிலைப்படிக்கு வெளியே நின்று தேங்காயையும் வெற்றிலையையும் கை நீட்டிக் கொடுப்பார். இலையில் பரிமாறும் அன்னத்தை வடித்தது அவராகவே இருக்கும். ஆயினும் நிலைப்படியைத் தாண்ட மாட்டார். அந்த மார்கழியில் ஒரு நாள், நாலு வயதான அவர் மகன் உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், திரும்பிப் பார்த்து உரத்த குரலில் கேட்டான்.

“அம்மா, நீ உள்ள வந்தா மட்டும் சாமி அடிக்குமா?”

சித்தி சிரித்துக்கொண்டுதான் நின்றார். அன்று மாலை என்னை மாட்டுக்கொட்டிலுக்கு அழைத்துப் போய், “பெரியப்பாகிட்ட சொல்லு. இந்தத் தையில திட்டுக்குப் போகணும்னு சித்தி சொன்னாங்கன்னு சொல்லு. என்ன ஆனாலும் சரின்னு சொல்லு” என்றார்.

ஏன் என்னிடம் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. கணவனின் அண்ணனோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசுவதில்லை. அவர் முற்றத்தில் இருந்தால் இவர் பின்கட்டில் இருப்பார். ஒரு சொல் போக வேண்டுமென்றால் ஒரு குழந்தையின் வாய் வழியாகப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வாய் நான். “சித்தி கேட்கிறாங்க, விதைநெல் எந்தக் குதிர்ல?” “பெரியப்பா சொல்றாங்க, மேலக் குதிர்ல.” இப்படி ஆறு ஆண்டுகள் இருவருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தேன். பத்து வயதில் அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பெரியப்பா கடுமையானவர் அல்லர். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விடியலில் நீராடி, நீறணிந்து, ஒரு பதிகமாவது முழுவதும் பாடாமல் தண்ணீர்கூட அருந்தாதவர். நான் செய்தி சொன்னபோது அவர் கண் கலங்கியது. “இத்தனை நாள் நானே கேட்டிருக்கணும்” என்றார். அன்றைக்கே பழைய நாள்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு, சித்தியை வருத்தமில்லாமல் ஆற்றைக் கடத்துவது எப்படி என்று எழுதத் தொடங்கினார். அந்தத் தாள் பத்து நாள் அவர் மடியிலேயே இருந்தது.

வீடே கூடி யோசனை சொன்னது. எலுமிச்சம்பழம் கையில் இருக்க வேண்டும் என்றார் அம்மா. செய்தித்தாளை மடித்து அதன் மேல் உட்கார்ந்தால் குமட்டாது என்று அடுத்த வீட்டு அம்மாள் அடித்துச் சொன்னார். சித்தப்பா, “வைத்தியர்கிட்ட தூக்க மருந்து வாங்கிக் குடுத்து, தூங்கும்போதே தூக்கிக்கிட்டுப் போயிடலாம்” என்றார்.

“மூட்டை மாதிரியா?” என்று பின்கட்டிலிருந்து சித்தியின் குரல் வந்தது. “கோயில் வாசல்ல எறக்கி வச்சு, சாமி, இதுதான் எங்க மருமகள், முழிச்சதும் பொங்கல் வைப்பான்னு சொல்லுவீங்களா?”

பெரியப்பாகூட மீசைக்குள் சிரித்தார்.

திட்டுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஓடக்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார் பெரியப்பா. நெடிய மனிதர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை தொங்கியது. ஆவணி பிறந்தால் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முற்றத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஐயா, அம்மாவுக்கு ஒண்ணும் பயமில்லீங்க. விடிஞ்ச உடனே கெளம்பிடணும். அப்ப ஆறு தட்டு மாதிரி கெடக்கும். வெயில் ஏற ஏற கடல்காத்து வந்துருமுங்க. அப்பறம் முகத்துவாரத்துல அலை ஏறும்.”

“அன்னைக்குக் காலையில நேரம் சரியில்லையேப்பா. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம்.”

“அப்படீங்களா.” அவர் சற்று நேரம் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். “பத்தரைன்னா காத்து இருக்குமுங்க. சரி, வயித்துக்குக் கொஞ்சமா எதையாவது போட்டுக்கிட்டு, தெறந்த படகுல, தூரத்தப் பாத்தாப்ல உக்காந்துட்டா…”

“குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போறவ சாப்பிட்டுட்டா போவா? விரதம்ப்பா அது. உனக்கு எங்க வழக்கம் தெரியாது.”

பெரியப்பா இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. தெரியாதவருக்கு விளக்குவது போலத்தான் சொன்னார். ஓடக்காரரும், “அதுவும் சரிதாங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆகவே பெரியப்பாவின் திட்டம் இப்படி முடிவாயிற்று. தண்ணீரைப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது. எனவே சித்தி தண்ணீரைப் பார்க்கவே கூடாது. வைக்கோல் ஏற்றும் பெரிய படகை அமர்த்தி, அதன் நடுவே மூங்கில் வளைத்துக் கூண்டு கட்டி, நாற்புறமும் ஜமக்காளத்தால் மறைக்க வேண்டும். உள்ளே மெத்தை. தீய வாடை அணுகாதிருக்கச் சாம்பிராணிப் புகை. வயிற்றில் ஏதுமில்லாவிட்டால் வெளியே வர ஏதுமிராது. விரதமும் அதற்கே துணை. மனம் அலையாதிருக்கப் பதிகம் பாட வேண்டும். பாடுகிறவள் நான். திட்டுக் கோயிலுக்கென்று தனிப் பதிகம் கிடையாது. கரையிலுள்ள பழைய தலம் ஒன்றின் பதிகத்தையே எங்கள் குடும்பத்தார் ஆற்றைக் கடக்கும்போது பாடுவார்கள். பதினொரு பாட்டும் எனக்கு மனப்பாடம்.

நாற்பது நிமிடப் பயணத்துக்கு இத்தனை ஏற்பாடு. அன்பில்லாமல் யாராவது இப்படிச் செய்வார்களா? எல்லாம் தவறு என்பதை அறிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஆற்றங்கரைச் சத்திரத்தில் போய்த் தங்கினோம். போய்ச் சேர்ந்த அன்று நண்பகல், பெரியவர்கள் கண் அயர்ந்திருந்த நேரம், சித்தி என் கையைப் பிடித்து, “வா, ஆத்தைப் பார்த்துட்டு வரலாம்” என்றார். நேரே ஓடக்காரர் வீட்டுக்குப் போனார். கீற்று வேய்ந்த சிறு வீடு. சுவரில் மாதா படம். வாசலில் பானையிலிருந்து பனங்கிழங்கை எடுத்து ஆற வைத்துக்கொண்டிருந்தார் ஓடக்காரரின் மனைவி. வெந்த கிழங்கின் மஞ்சள் மணம் இன்றைக்கும் எனக்கு அந்த வாசலின் மணம்தான்.

“அண்ணே, ஒரு தடவை என்னை ஏத்திப் பாருங்களேன். கொஞ்ச தூரம் போதும்” என்றார் சித்தி.

ஓடக்காரர் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வெறும் வயித்தோடயா வந்திருக்கீங்க?”

“பயத்துல எதுவும் இறங்கலை.”

“அதாங்க தப்பு. ஒரு கெழங்கைத் தின்னுட்டு ஏறுங்க. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல ஆறு மாசம் ஓடத்துல ஏறுனா வாந்திதான். இவுக என்னைய ஏத்தவே மாட்டேன்னுட்டாக. எங்க மாமியாதான் சொல்லிக் குடுத்தாக. வயித்தக் காயப் போடாத, காலடித் தண்ணியப் பாக்காத, அக்கரைப் பனையப் பாருன்னு.”

“நெஜமாவா? உங்களுக்குமா?” என்று சித்தி கேட்ட குரலை நான் மறக்கவில்லை. தன்னைப் போல் இன்னொருத்தி உலகில் இருப்பதை அன்றுதான் அவர் அறிந்தார்.

கிழங்கை வாங்கலாமா என்று அரைக் கணம் தயங்கினார். விரத காலம், மாற்றுச் சமயத்தார் வீடு, பெரியப்பா அறிந்தால் பயணமே நின்றுவிடும். பிறகு வாங்கி நாரை உரித்துத் தின்றார். எனக்கும் பாதி கிடைத்தது.

சிறு தோணியின் நடுப்பலகையில், போகும் திசையைப் பார்த்தபடி சித்தியை உட்கார வைத்தார் ஓடக்காரர். “அம்மா, அந்தா தெரியுது பாருங்க, கோயில் கலசம். அதை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க.” தோணி நகர்ந்தது. நான் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உதடுகளை இறுக மூடியிருந்தார். பிறகு உதடுகள் தளர்ந்தன. காற்றில் கூந்தல் கலைய, கண் சிமிட்டாமல் கலசத்தைப் பார்த்தபடி, “வரலை… ஒண்ணுமே வரலைடி!” என்று குழந்தையைப் போல் சொன்னார். திட்டின் படித்துறை, அதன் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு, கோயிலின் நீலக் கதவு எல்லாம் தெரியும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

“எறங்குறீங்களாம்மா? ஒரு கும்புடு போட்டுட்டு வந்துரலாம்” என்றார் ஓடக்காரர்.

“வேண்டாம்ணே. நாளன்னைக்குப் புது அரிசியோட, முறையா வரேன். திருப்புங்க.”

தானாகத் திரும்பி வந்தார். அத்தனை நம்பிக்கை அவருக்கு.

கரையேறியதும் என் கன்னத்தைப் பிடித்து, “கெழங்கு தின்னதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. தெறந்த படகு வேணும்னு நான் சித்தப்பாவை விட்டுக் கேட்கச் சொல்றேன்” என்றார். கேட்டுமிருக்கிறார். சித்தப்பா அண்ணனிடம் மறுத்துப் பேசிப் பழகாதவர். “அண்ணன் எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காரு” என்பதோடு முடித்துக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. முந்தைய இரவிலிருந்து சித்தி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சித்தியின் மகனோடு அம்மா சத்திரத்தில் தங்கிவிட்டார். பத்தரை மணிக்குப் படகில் ஏறியபோது சொன்னபடியே காற்று எழுந்திருந்தது. பலகைகளுக்குப் புதிதாக மீன் எண்ணெய் பூசியிருந்தார்கள். அந்த வாடையும் சாம்பிராணிப் புகையும் கூண்டுக்குள் கலந்து, எனக்கே தொண்டையை அடைத்தது. சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட ஜமக்காளத்துக்கு உள்ளே, மடியில் புது அரிசி மூட்டையோடு சித்தி. படகின் முன்புறம் கண் மூடிக் கைகுவித்துப் பெரியப்பா. பின்புறம் சித்தப்பாவும் கழி ஊன்றும் ஓடக்காரரும். நான் கூண்டின் வாயிலில், உடம்பு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, தாளத்தைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

முதல் மூன்று பாட்டுகள் அமைதியாகக் கழிந்தன. நான்காம் பாட்டில் படகு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. ஐந்தாம் பாட்டின் நடுவே சித்தியின் விரல்கள் என் தோளைத் தொட்டன.

“பெரியப்பாகிட்ட சொல்லும்மா. முன்பக்கப் படுதாவை மட்டும் தூக்கிக் கட்டச் சொல்லு. கோயிலைப் பார்த்துக்கிட்டே வந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது.”

நான் தலையை ஆட்டினேன். பாட்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு என் குரல் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. நீரின் மேல் அது விரிந்து போவது எனக்கே கேட்டது. பாட்டு முடிந்ததும் பெரியப்பா, மூடிய கண்களிலிருந்து நீர் வழிய, “ஆகா” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நிறுத்த மனம் வரவில்லை. ஆறாம் பாட்டை எடுத்தேன்.

விரல்கள் மறுபடி தொட்டன. “சொன்னியாம்மா?”

தோளைக் குலுக்கி அந்தக் கையை உதறினேன்.

ஏழாம் பாட்டின் இரண்டாம் அடியில் எனக்குப் பின்னால் அந்த ஓசை கேட்டது. வயிற்றில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு வரும் குமட்டல் எத்தனை கொடியது என்பதை அன்று கண்டேன். மஞ்சள் நீராகப் பித்தம், மடியிலிருந்த அரிசி மூட்டையின் மேல் கொட்டியது. சித்தி அதைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“படுதாவைத் தூக்குங்கய்யா, காத்து படட்டும்!” என்று பின்னாலிருந்து ஓடக்காரர் கத்தினார். “பத்து நிமிசந்தாங்க இருக்கு!”

பெரியப்பா எழுந்து வந்து படுதாவை விலக்கினார். அரிசியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எச்சில் பட்ட அரிசியில் பொங்கல் வைக்க முடியாது.

“திருப்புப்பா.”

அப்போது சித்தி, ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். “திருப்ப வேணாங்க. கரையேறிட்டா எனக்குச் சரியாயிடுங்க. அங்கயே அரிசி வாங்கிக்கலாங்க…”

பெரியப்பாவும் அவரோடு நேராகவே பேசினார், ஆற்றைப் பார்த்தபடி. குரலில் சினம் இல்லை, பரிவுதான் இருந்தது.

“உத்தரவு இல்லம்மா. நாம என்ன செய்ய முடியும்? மனசைப் போட்டு உழப்பிக்காத.”

தம்பி மனைவியின் மேல் பழி விழக்கூடாது என்று எண்ணி, பழியை அவர் இறைவனிடம் கொண்டுபோய் வைத்தார். ஊர் திரும்பியதும், சித்தியை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று கட்டளையும் இட்டார். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சித்தி சண்டை போட்டிருப்பார்; அழுதிருப்பார்; அடுத்த ஆண்டு பிடிவாதமாகக் கிளம்பியிருப்பார். பேச்சே இல்லாமல் போனதால், பெரியப்பா சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. சித்தி தொடர்ந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

அடுத்த மூன்று ஆண்டுகளும் தை மாதத்தில் ஓடக்காரர் மனைவி, அத்தனை தூரமும் நடந்து, ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார். “தங்கச்சிக்குன்னு கொண்டாந்தேன்” என்பார். சித்தி கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு, “வேண்டாம்னு சொல்லிடு” என்று என்னிடம் சொல்லி அனுப்புவார். அந்தச் செய்தியை மட்டும் நான் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நான்காம் ஆண்டு அவர் வரவில்லை.

பிற்காலத்தில் திட்டுக்குப் பாலம் வந்தது. காரில் போய்ச் சந்நிதி வாசலில் இறங்கலாம். பெரியப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். புதிதாக வந்த மருமகள்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பொங்கல் வைத்தார்கள். சித்தியின் மகனுக்கும் திருமணம் ஆயிற்று. புது மருமகளுக்கான அரிசியைச் சித்தியே புடைத்து, கல் பொறுக்கி, மஞ்சள் துணியில் கட்டிக் கொடுத்தார். “நீங்களும் வாங்கத்தே, பாலந்தானே” என்று அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்தாள். “எனக்கு உத்தரவு இல்லம்மா. நீங்க போயிட்டு வாங்க” என்றார். அடுத்த படையலுக்கு மருமகள் சாமியறைக்குள் இருந்தாள். மாமியார் வெளியே நின்று தேங்காயை நீட்டினார். அதை நான் பார்த்தேன்.

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். சிறுமியாக இருந்தபோது, அது சொல்லத் தேவையில்லாத சிறிய காரியமாகத் தோன்றியது. வளர்ந்து பார்த்தபோது, சொல்ல இயலாத பெரிய காரியமாகிவிட்டிருந்தது. இடையில் எந்த நாளில் அது சொல்லக்கூடிய அளவில் இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. உத்தரவு என்ற சொல்லை நானும் நம்பினேன் என்பதையும் மறைக்க மாட்டேன். நம்பினால் என் பங்கு குறைந்தது.

அந்த நம்பிக்கை கன்னியாகுமரியில் உடைந்தது. என் அறுபதாவது வயதில், பாறைக்குப் போகும் படகில், காலையிலிருந்து விரதத்தோடு ஏறினேன். கூட்டத்தின் நடுவே, கடல் தெரியாத இடத்தில் உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் உலகம் சுழன்றது. படகில் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் என்னைக் கைத்தாங்கலாகத் திறந்த பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

“வெறும் வயித்தோட வந்தீங்களாம்மா? எல்லாரும் இதைத்தான் பண்றீங்க. ரெண்டு பிஸ்கட் தின்னுங்க. தூரத்துல கரையைப் பாருங்க.”

இரண்டு பிஸ்கட். என் குமட்டல் அடங்கிற்று. வேறொன்று என்னுள் எழுந்தது. என் வாழ்நாளெல்லாம் பாடிய பதிகங்களை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அவற்றைப் பாடியவர்களில் ஒருவராவது, உத்தரவு இல்லை என்று வீடு திரும்பியதுண்டா? வாயிலில் நின்று வழக்காடினார்கள், கோபித்தார்கள், கெஞ்சினார்கள். வா என்று அழைக்காத இறைவனை அவர்கள் அறிந்ததே இல்லை. பாட்டுகளையெல்லாம் மனப்பாடம் செய்த எங்கள் வீட்டில், அவற்றின் பொருள் மட்டும் நிலைப்படிக்கு வெளியே நின்றிருக்கிறது.

ஊர் திரும்பியதும் கும்பகோணத்துக்குப் போனேன். சித்தியின் மகன் வெளிநாட்டில் வேலை பார்த்தான். மருமகளின் பராமரிப்பில் சித்தி அங்கே இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கை. நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தன. மருமகள் கடைக்குப் போன நேரம், கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“படுதாவைத் தூக்கச் சொன்னீங்களே சித்தி, ரெண்டு தடவை. நான் பெரியப்பாகிட்ட சொல்லவே இல்லை. பாடிக்கிட்டே இருந்துட்டேன். அது உத்தரவும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெறும் வயிறு, புகை, மறைப்பு, காத்து. அவ்வளவுதான். சாமி உங்களை வேண்டாம்னு சொல்லவே இல்லை.”

சித்தி மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லலையா?”

“இல்லை சித்தி.”

“சொல்லியும் அவரு தூக்கலைன்னு நெனச்சேன். நான் கெழங்கு தின்னது அவருக்கு எப்படியோ தெரிஞ்சிடுச்சு, அவருக்கே தெரியும்போது மேல இருக்கறவருக்குத் தெரியாதான்னு…” நிறுத்தி மூச்சு வாங்கினார். “நான் வாய்கட்டாமத் தின்னதாலதான் வரக்கூடாதுன்னுட்டாருன்னு நெனச்சேன்டி. அந்த ஓடக்காரர் வீட்டம்மா வாசல்ல வந்து நின்னப்பல்லாம் மொகத்தைக்கூடக் காட்டலை. அவங்க கையால வாங்கித் தின்னதுதான் பாவம்னு நெனச்சேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “இப்பவும் போகலாம் சித்தி. வேன் வச்சு, படுக்க வச்சே கூட்டிக்கிட்டுப் போறேன். மெதுவாப் போகலாம்.”

“படுத்துக்கிட்டு எப்படிடீ பொங்கல் வைக்கறது? தன் கையால வைக்கணும்.”

“பொங்கல் வைக்காட்டி என்ன? சும்மா பார்த்துட்டு வரலாம்.”

தலையை இல்லை என்று அசைத்தார். கோபமாக ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அது வந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கைத் தனக்குத்தானே சரிபார்ப்பவரைப் போல, மெல்லக் கேட்டார்.

“பாலம் கட்டுனப்பவாவது சொல்லியிருக்கலாமேடி? நடந்தே போயிருப்பேனே.”

என் பிடியிலிருந்து அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அதற்கு மேல் பிடித்திருக்க முடியவில்லை.